பரங்கிமலையில் விரித்த சங்கிலி

நான் சிறுவனாயிருந்தபோது, எங்கள் ஊரில் பங்காளிகள் இருவருக்கிடையே ஒரு வரப்பைப் பற்றி மூண்ட வழக்கைத் தீர்த்துவைப்பதற்காக, தாலுகா கச்சேரியிலிருந்து வயது முதிர்ந்த சர்வேயர் ஒருவர் வந்திருந்தார். அறுவடை முடிந்து வெடித்துக் கிடந்த வயலின் ஓரத்தில் ஊரே கூடி நின்றது. செயின்மேன் தோளிலிருந்து இறக்கிய இரும்புச் சங்கிலி கலகலவென்று ஓசையிட்டுக்கொண்டு தரையில் அவிழ்ந்தது. கல்லுக்குக் கல் இழுத்துப் பிடித்து, இது உன் பங்கு, இது அவன் பங்கு என்று சொல்லிவிடப் போகிறார் என எல்லாரும் காத்திருக்க, அவரோ சங்கிலியைக் களத்துமேட்டின் மட்டமான தரையில் நீட்டச் சொல்லி, தாம் கொண்டுவந்திருந்த உருக்கு நாடாவோடு அதை ஒத்துப் பார்க்கத் தொடங்கினார். ஒரு கண்ணி வளைந்திருப்பதைக் கண்டு, அதைக் கல்லின்மேல் வைத்துத் தட்டித் தட்டி நிமிர்த்தினார். பொறுமையிழந்த என் பாட்டனார், "நிலத்தை அளக்கச் சொன்னால் சங்கிலியை அளந்துகொண்டிருக்கிறீரே!" என்றார். அதற்கு அவர் நிமிராமலே, "அளக்கிறதை முதல்லே அளந்துக்கணுங்க, ஐயா. இது வெயில்லே நீளும். இழுக்க இழுக்க வளையம் அகலும். இதிலே பிசகிருந்தா ஊர் நிலமெல்லாம் பிசகிப் போயிடும்" என்றார்.

பூமியை அளந்து படமாக வரையும் சாஸ்திரத்தின் சரித்திரத்தைப் பிற்காலத்தில் சிரத்தையுடன் படித்தபோது, அந்த முதியவர் சொன்ன வாக்கியமே அச்சரித்திரம் முழுவதற்கும் சூத்திரமாய் அமைந்திருப்பதைக் கண்டு வியந்தேன். கோலும் சங்கிலியும் தூரதரிசினியும் விண்கோளுமாக உபகரணங்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆனால் எந்தக் காலத்திலும் இந்தச் சாஸ்திரத்தை முன்னேற்றியவர்கள், தம் கருவியை முழுமையாக நம்பியவர்கள் அல்லர். அதன் குற்றம் எங்கே எவ்வளவு என்று விடாமல் தேடி, கண்டதைக் கண்டபடி எழுதிவைத்தவர்களே. அத்தகைய முயற்சிகளுள் மிகப் பெரியதொன்று நம்முடைய பரங்கிமலை அடிவாரத்தில் தொடங்கியதென்பதைத் தமிழர்களில் பலர் அறியார்.

நிலத்தை அளப்பது நமக்குப் புதிதன்று. முதலாம் இராஜராஜன் ஏறக்குறைய 1001ஆம் ஆண்டில் சோழ நாடு முழுவதையும் அளக்கச் செய்தான்; அந்த அளவைக்குப் பயன்பட்ட கோலுக்கு உலகளந்த கோல் என்றும், அப்பணியை நடத்திய அதிகாரிக்கு உலகளந்தான் என்றும் பெயர் வழங்கியதைக் காணும்போது, மூன்றடியால் மூவுலகையும் அளந்த திருமாலின் நினைவு அக்காலத்து மக்களின் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்ததென்பது புலனாகிறது. வேலி, மா, காணி, முந்திரி என்று மேலிருந்து கீழாகப் பகுத்துச் சென்ற அவர்களுடைய கணக்கு, ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு என்ற நுண்மைவரை இறங்கிற்று. வேலி என்பது சுமார் ஆறரை ஏக்கர் என்று கொண்டால், அந்தப் பின்னம் ஒரு கடுகு கிடக்கும் இடத்தைக் காட்டிலும் சிறியது. தஞ்சைப் பெரிய கோயிலின் கற்சுவர்களில் அந்நில அளவுகள் இன்றும் வெட்டெழுத்தாய் நிற்கின்றன.

ஆங்கிலேயரின் அளவைக்கு ஆதாரமாயிருந்தது எட்மண்ட் கன்ட்டர் என்ற கணித ஆசிரியர் 1620இல் வகுத்த சங்கிலி. அது 66 அடி நீளம், 100 கண்ணி. ஒரு சங்கிலி அகலமும் பத்துச் சங்கிலி நீளமும் கொண்ட நிலம் ஓர் ஏக்கர். அதில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது ஆயிரம் சதுரக் கண்ணி, ஒரு சென்ட். மனைக்கட்டு வாங்குகிறவர்கள் இன்றும் சென்ட் கணக்குப் பேசும்போது, தங்களை அறியாமலே அந்தப் பழைய சங்கிலியின் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆயினும் வயலை அளப்பது வேறு, தேசத்தை அளப்பது வேறு. மலையின்மீதும் காட்டின் ஊடேயும் பெருநதியின் குறுக்கேயும் சங்கிலியை இழுத்துச் செல்ல இயலாது. இழுத்தாலும், ஒவ்வொரு முறை கீழே வைக்கும்போதும் நேரும் சிறு பிழை ஆயிரம் முறை பெருகி மலைபோல் குவிந்துவிடும். இத்தொல்லைக்கு விடையாக வந்தது முக்கோண முறை. காவிரியின் இக்கரையில் நின்றுகொண்டு, அக்கரையில் உள்ள ஒரு பனைமரம் எவ்வளவு தொலைவில் இருக்கிறதென்று, ஆற்றில் கால் நனைக்காமல் அறிய வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். இக்கரையிலேயே இரண்டு முளைகளை அடித்து, அவற்றுக்கிடையே உள்ள தூரத்தை மட்டும் செம்மையாய் அளந்துகொண்டு, ஒவ்வொரு முளையிலும் நின்று பனைமரம் எந்தக் கோணத்தில் தெரிகிறதென்று பார்த்துவிட்டால் போதும். ஒரு பக்கமும் இரு கோணமும் தெரிந்த முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களும் கணக்கிலேயே கிடைத்துவிடும். கிடைத்த பக்கத்தை அடியாகக் கொண்டு அடுத்த முக்கோணம், அதன் பக்கத்தை அடியாகக் கொண்டு அதற்கடுத்தது என்று, பின்னலைப் போல் ஒன்றோடொன்று கோத்து, ஒரே ஒரு கோட்டின் நீளத்தைக் கொண்டு ஒரு தேசத்தையே அளந்துவிடலாம். இம்முறையை 1533இல் ஜெம்மா பிரிசியஸ் என்ற நெதர்லாந்து தேசத்துப் பண்டிதர் விளக்கி எழுதினார். சுமார் எண்பது ஆண்டுகளுக்குப் பின் ஸ்நெல் என்பவர் அதை நிலத்தில் நடத்திக் காட்டினார். உலகளந்த பெருமாள் மூன்றடியால் அளந்தார். மனிதன் மூன்று கோணத்தால் அளக்கக் கற்றுக்கொண்டான்.

ஆனால் அந்த ஒரே ஒரு கோடு பிசகினால் எல்லாம் பிசகும். ஆகவே, சென்னையில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி தம் வாழ்நாட்பணியைத் தொடங்கியபோது, அவருடைய கவனம் முழுவதும் அக்கோட்டின்மீதே குவிந்தது.

அதற்கு முன்பே சென்னை, அளவையாளர்களின் நகரமாய் உருவாகியிருந்தது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் விண்மீன்களை நோக்கும் கூடம் எழுந்தது. 1794இல் எட்டு மாணவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளியே பிற்காலத்தில் கிண்டி பொறியியல் கல்லூரியாய் வளர்ந்தது. திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பிறகு, கையில் வந்த மைசூர்ப் பிரதேசத்தின் விஸ்தீரணத்தை அறிவதில் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்கு இருந்த ஆவலை லாம்டன் நன்கு பயன்படுத்திக்கொண்டார். கம்பெனியாருக்கு வேண்டியது வரியும் படை செல்லும் வழியும். லாம்டனுக்கு வேண்டியதோ பூமியின் உண்மையான வடிவம். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானதென்று நியூட்டன் கணித்ததை, வடதுருவத்தின் அருகே லாப்லாந்திலும் பூமத்தியரேகையை ஒட்டி அந்நாளில் பெரு எனப்பட்ட பிரதேசத்திலும் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பண்டிதர்கள் அளந்து மெய்ப்பித்திருந்தார்கள். அவ்வளவையை இன்னும் நுட்பமாகச் செய்ய நம் தேசத்தின் நீண்ட நிலப்பரப்பு அருமையான இடமென்பது லாம்டனின் அபிப்பிராயம்.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி பரங்கிமலை அருகே ஆதாரக்கோடு தொடங்கியது. தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கிச் சென்ற அதன் நீளம் ஏழரை மைல். அளந்த சங்கிலி நூறடி நீளமுள்ள உருக்குச் சங்கிலி. சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாக ஆங்கிலத் தூதர் கொண்டுசென்று, அங்கே விரும்புவாரில்லாமல் கல்கத்தாவுக்கு வந்து விலைபோனது. கோடை வெயிலில் அதைத் தரையில் கிடத்தி இழுக்கவில்லை. முக்காலிகளின்மேல் வரிசையாக நிறுத்திய நீண்ட மரப்பெட்டிகளில் அதைக் கிடத்தி, மட்டம் பார்த்து, ஒரே கனத்தில் இழுத்து, பெட்டிகளுக்குள் உஷ்ணமானிகளை வைத்து, ஒவ்வொரு முறையும் உஷ்ணத்தைக் குறித்துக்கொண்டார்கள். ஏனெனில் பத்துப் பாகை பாரன்ஹீட் வெயில் ஏறினால் நூறடிச் சங்கிலி ஓர் அங்குலத்தில் சுமார் பதினான்கில் ஒரு பங்கு நீளும். இது அற்பமென்று தோன்றலாம். ஆனால் சங்கிலியை நானூறு முறை வைத்து முடிக்கும்போது அந்த அற்பம் ஏறக்குறைய இரண்டரை அடியாய்ப் பெருகிவிடும். இரண்டரை அடி பிசகிய கோட்டின்மேல் இமயம்வரை முக்கோணங்களை அடுக்கினால் என்ன ஆகுமென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊர்ச் சர்வேயர் களத்துமேட்டில் செய்ததையே லாம்டன் பரங்கிமலையில் நானூறு முறை செய்தார்.

கோணங்களைப் பார்க்க லண்டனில் செய்த பெரிய தியோடலைட் கப்பலில் வந்தது. வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி மொரீஷியஸ் தீவுக்குப் போய், அங்கிருந்து மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைக்கப்பட்டது அது. தூரதரிசினியும், மூன்றடிக் குறுக்களவில் நுண்கோடுகள் கீறிய பித்தளை வட்டமுமாக, ஏறக்குறைய அரை டன் கனமுள்ள அந்த யந்திரத்தை ஆட்கள் தூக்கிக்கொண்டு மலைமலையாய் ஏற வேண்டியிருந்தது. சென்னையிலிருந்து மங்களூர்வரை முக்கோணங்களைக் கோத்து முடித்தபோது, பழைய படங்களில் சுமார் 400 மைல் என்று காட்டியிருந்த தீபகற்பத்தின் அகலம் உண்மையில் 360 மைல்தான் என்று வெளியாயிற்று. நாற்பது மைல் நிலம் ஒரே நாளில் படத்திலிருந்து மறைந்தது. அது என்றுமே இருந்ததில்லை.

இனி, இக்கதையில் என் நெஞ்சைவிட்டு அகலாத சம்பவத்துக்கு வருகிறேன். 1808இல் லாம்டனின் கூட்டம் தஞ்சைத் தரணிக்கு வந்து சேர்ந்தது. அங்கே ஏறிப் பார்க்கக் குன்றில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வயலும் தென்னந்தோப்புமே. ஆகவே கோபுரங்களையே அவர் குன்றுகளாகக் கொண்டார். பெரிய கோயிலின் விமானத்தின்மேல் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்தது; யந்திரம் சுவரில் மோதி, கோணங்களைக் காட்டும் பித்தளை வட்டம் நெளிந்துபோயிற்று. வட்டம் நெளிந்தால் அந்த யந்திரம் பொய்யே சொல்லும். வேறொன்று வேண்டுமானால் லண்டனிலிருந்து வர வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும். லாம்டன் தம் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, தலைமைக் கம்மியர்களைத் தவிர வேறொருவரையும் உள்ளே விடாமல், யந்திரத்தைப் பாகம் பாகமாகக் கழற்றினார். அகன்ற பலகையொன்றில் அவ்வட்டம் எந்த அளவில் இருக்க வேண்டுமோ அந்த அளவில் ஒரு வட்டத்தை வெட்டிக்கொண்டு, ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து, நெளிந்த விளிம்பை மயிரிழை மயிரிழையாக வெளியே இழுத்து அதற்குள் பொருத்தினார். வளைந்த ஆரக்கால்களைச் சின்னஞ்சிறு மரச்சுத்திகளால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம் கழிந்தபோது யந்திரம் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்திருந்தது. கடுகளவு நிலத்தையும் கணக்கில் விடாத ஓர் அரசனுடைய கல்லெழுத்துக்கள் தாங்கிய கோயிலில் இந்த விபத்து நேர்ந்ததும், அங்கே பட்ட பங்கத்தை மயிரிழையளவும் விடாமல் திருத்தியதும், காலத்தால் எண்ணூறு ஆண்டு பிரிந்த இரு அளவைகள் ஒன்றையொன்று சந்தித்தது போல் எனக்குத் தோன்றுகிறது.

கன்னியாகுமரி அருகிலிருந்து 78ஆம் தீர்க்கரேகையை ஒட்டி வடக்கே வளர்ந்த அம்முக்கோணத் தொடரைப் பெருவில் என்று அழைத்தார்கள். அதை முடிவு காணாமலே 1823 ஜனவரியில், எழுபது வயதளவில், மத்திய இந்தியாவில் ஹிங்கன்காட் என்னும் ஊரில் லாம்டன் காலமானார். அவருக்குப்பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் கடுஞ்சினம் உடையவர். ஆனால் பிழையைப் பொறுக்காத அந்தச் சினம் தம் வேலையின்மீதும் பாய்ந்தது. உஷ்ணத்தால் நீளும் சங்கிலியைத் தள்ளிவிட்டு, இரும்பும் பித்தளையும் வெவ்வேறு அளவில் நீளுவதையே உபாயமாகக் கொண்டு, இடையிலுள்ள தூரம் மாறாமல் நிற்கும்படி அமைத்த இரட்டைக் கோல்களால் ஆதாரக்கோடுகளை அளந்தார். கங்கைச் சமவெளியில் குன்றும் கோபுரமும் கிட்டாதபோது ஐம்பதடி உயரத்துக்குச் செங்கல் கோபுரங்களைக் கட்டினார். பகலில் கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பியும், இரவில் விளக்கேற்றியும் தொலைதூரத்துக்கு அடையாளம் காட்டினார்கள். இங்கிலாந்தில் செய்த நுண்கருவிகள் பழுதுபட்டபோது அவற்றைச் செப்பனிட்டவர்களுள் தலைசிறந்தவர் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையது மீர் மொசின் உசேன் என்னும் கம்மியர். ஏறக்குறைய 1,500 மைல் நீண்ட பெருவில் 1841இல் முற்றுப்பெற்றது.

அதற்குக் கொடுத்த விலையை மறைப்பது தகாது. சங்கிலி பிடித்தவர்களும், கொடி தாங்கியவர்களும், காட்டை வெட்டி வழி திறந்தவர்களும் இந்நாட்டு ஏழைகள். விஷஜுரத்தில் கூட்டம் கூட்டமாய் வீழ்ந்த அவர்களின் பெயர்களை எந்தப் படமும் தாங்கவில்லை. அவர்கள் உதவியால் வரைந்த படம், அவர்களையே அடக்கி ஆள்வதற்கும் வரி விதிப்பதற்கும் அந்நியருக்குக் கருவியாயிற்றென்பதும் உண்மை. ஒரு தேசத்தை முழுமையாக அறிந்துகொள்ளும் சக்தி யார் கையில் இருக்கிறதோ, அத்தேசம் அவர் கைக்கு எளிதில் அடங்கும். ஆகையால்தான் சுதந்திரம் பெற்ற நாட்டில் அச்சக்தி மக்களுடைய பொதுச் சொத்தாய் இருக்க வேண்டுமென்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

பெருவில்லின் தொடர்ச்சியாக எழுந்த முக்கோணங்களிலிருந்தே இமயச் சிகரங்களை அளந்தார்கள். நேபாளத்துக்குள் நுழைய அனுமதி இல்லாமையால், நூறு மைலுக்கும் அப்பால் சமவெளியில் ஆறு இடங்களிலிருந்து பதினைந்தாம் எண்ணிட்ட சிகரத்தை நோக்கினார்கள். அவ்வளவு தூரம் வரும் ஒளி, காற்றின் அடர்த்தி மாறுவதால் வளைந்து வரும். சிகரம் இருக்கும் இடத்துக்கு மேலே இருப்பதுபோல் தோன்றும். அந்த வளைவைக் கழித்துக் கணக்கிடும் அரும்பணியில், வங்காளத்தைச் சேர்ந்த தலைமைக் கணக்கர் ராதாநாத் சிக்தருக்குப் பெரும்பங்கு உண்டு. 1856இல் வெளியான உயரம் 29,002 அடி. 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த அளவு 8,848.86 மீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 30 அடிதான்! கணக்கிட்டவரின் பெயர் அல்ல, ஓய்வு பெற்றுச் சென்றுவிட்ட எவரெஸ்டின் பெயரே சிகரத்தின்மேல் நிலைத்தது.

பிழையை மறைக்காமல் எழுதிவைத்ததன் பயன் எத்தகையதென்பதற்கு ஓர் உதாரணம் போதும். பெருவில்லின் மேல் இரண்டு ஊர்களுக்கிடையே உள்ள தூரத்தை நட்சத்திரங்களைக் கொண்டு கணித்தபோதும், முக்கோணங்களைக் கொண்டு கணித்தபோதும், விடைகள் சுமார் ஐந்து விகலை மாறுபட்டன. பாகையில் 3,600இல் ஒரு பங்கு விகலை; ஆதலால் இதை வேறு யாராயினும் ஒதுக்கிவிட்டிருப்பர். கல்கத்தாவில் இருந்த பிராட் என்ற கிறிஸ்தவ குரு, இமயத்தின் பருமன் கொத்தனாரின் தூக்குக்குண்டு போல் செங்குத்தைக் காட்டும் அளவைக்குண்டைத் தன் பக்கம் இழுப்பதால் நேர்ந்த மாறுபாடு இது என்று 1855இல் கணக்கிட்டுப் பார்த்தார். ஆச்சரியம் அதற்கப்பால்தான் இருந்தது: அவ்வளவு பெரிய மலை இழுத்திருக்க வேண்டியது பதினைந்து விகலைக்கும் மேல், இழுத்ததோ ஐந்துதான். மலை கண்ணுக்குத் தெரியும் கனத்தைத் தன் அடியில் கொண்டிருக்கவில்லை. கீழுள்ள பாறை இலேசாயிருந்து, கடலில் மிதக்கும் பனிப்பாறையைப் போல் மலையைத் தாங்கிநிற்கிறது என்ற பூதத்துவ உண்மை இந்தச் சிறு பிசகிலிருந்து பிறந்தது. ஐந்து விகலையை யாரேனும் சரிக்கட்டி எழுதியிருந்தால், அந்த ரகசியம் எத்தனை காலம் புதைந்து கிடந்திருக்குமோ!

இன்று முக்கோணங்களை மலையுச்சியில் நின்று பார்ப்பாரில்லை. நம் கைபேசியிலேயே இடம் காட்டும் விண்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. லாம்டன் ஒரு தூரத்தை மட்டும் அளந்து மற்றவற்றையெல்லாம் கோணத்தால் அறிந்தார். விண்கோள் முறையோ கோணத்தையே நாடாமல், செய்தி வந்துசேர எடுத்த காலத்தைக் கொண்டு தூரங்களை மட்டும் அளக்கிறது. ஆகவே இங்கே சங்கிலியாய் இருப்பது கடிகாரம். ஐன்ஸ்டைனின் சித்தாந்தப்படி, அவ்வுயரத்தில் சுற்றும் கடிகாரம் தரையிலுள்ளதைக் காட்டிலும் நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும்; அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் நம் இடம் சுமார் பத்துக் கிலோமீட்டர் பிசகிப்போகும். ஆதலால் கடிகாரத்தை முன்கூட்டியே திருத்தி அனுப்புகிறார்கள். வெயிலில் நீளும் சங்கிலி வானத்தில் ஏறிக் கடிகாரமாயிற்று. அளப்பதை முதலில் அளந்துகொள்ள வேண்டுமென்ற நியதி மட்டும் மாறவில்லை.

எங்கள் ஊர் வரப்பு வழக்கு அன்று மாலையே தீர்ந்தது. ஒரு கோடியிலிருந்து அளந்ததற்கும் மறு கோடியிலிருந்து அளந்ததற்கும் இரண்டு கண்ணி வித்தியாசம் வந்தது. அதை எல்லார் முன்னிலையிலும் சொல்லி, குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, மூன்றாம் முறை அளந்து, சர்வேயர் கல்லை நட்டார். தனக்கு முக்கால் சாண் நிலம் நஷ்டமென்று கண்ட பங்காளி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அவர் ஏன் பேசாதிருந்தார் என்று நான் பல ஆண்டு யோசித்ததுண்டு. காலையில் களத்துமேட்டில், சங்கிலியின் வளைந்த கண்ணியைச் சர்வேயர் கல்லின்மேல் வைத்துத் தட்டி நிமிர்த்தியபோது, மிகவும் அருகில் குனிந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் அவரே.